அமாவாசைக் கிறுகிறுப்பு

மூன்றாவது முறையும் அமாவாசையன்றுதான் விழுந்தார் பச்சையப்பன்.

ஆரணி பேருந்து நிலையத்தில் தேவிகாபுரம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. முன்படியில் ஒரு காலை வைத்தார். கம்பியைப் பிடித்தார். மறுகாலைத் தூக்கியபோது கம்பி கையை விட்டு நழுவியது போலிருந்தது. கம்பி எங்கேயும் போகவில்லை. பூமிதான் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பஸ் கண்ணாடி, பின்னால் இருந்த பூக்கடை, பூக்கடைக்காரியின் திறந்த வாய் எல்லாம் ராட்டினத்தில் ஏறிக்கொண்டு சுற்றின. அடுத்து அவர் பார்த்தது வெறும் வானத்தை. பிறகு வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு கண்டக்டரின் முகம் வந்தது.

"பெரியவரே, இன்னா ஆச்சு? காலையில சாப்டீங்களா?"

"இன்னிக்கு ஆடி அமாவாசைப்பா" என்றார் பச்சையப்பன், அதைவிட என்ன பதில் வேண்டும் என்பது போல. "என்ன ஏத்தி வுடு. நான் போவணும்."

கண்டக்டர் ஏற்றிவிடவில்லை. பச்சையப்பனின் சட்டைப் பையிலிருந்த செல்போனை எடுத்து, அதில் முதலாவதாக இருந்த பெயரை அழுத்திவிட்டார். கால் மணி நேரத்தில் கார் வந்தது. காரிலிருந்து மகன் சிவகுமார் இறங்கினான். அப்பாவின் முழங்கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தான். பின்மண்டையில் எழும்பியிருந்த வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தான். தேவிகாபுரம் பஸ் அவர்களைத் தாண்டிக் கிளம்பிப் போனது.

"இதோட பஸ் கட்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். பச்சையப்பனுக்கு மண்டை வலியைவிட அந்த மூன்று வார்த்தை அதிகமாக வலித்தது.

தேவிகாபுரத்தில் அவருக்காக ஒருவர் சாப்பிடாமல் காத்திருந்தார். அருணாச்சலம்.

*

ஆரணியில் அந்தக் காலத்தில் அமாவாசை என்றால் தறிகளுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் தெருவுக்குத் தெரு பட்டுத்தறி தடக் தடக் என்று அடித்துக்கொண்டிருக்கும். அன்று ஒரு சத்தமும் இருக்காது. காது அடைத்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். வெள்ளை வேட்டியும் விபூதியுமாக ஆண்கள் தெருவில் நிற்பார்கள். மதியம் படையல், அப்புறம் மேட்னி ஷோ.

இருபத்திரண்டு வயதுப் பச்சையப்பனுக்கு அமாவாசை என்றால் அருணாச்சலம். களம்பூர் அரிசி மில்லில் வேலை பார்த்தவன். நெசவாளர் தெருக்களுக்குச் சைக்கிளில் அரிசி மூட்டை கொண்டுவந்து போடுவான். சட்டையெல்லாம் அவித்த நெல்லின் வாசனை அடிக்கும். ஊர் தேவிகாபுரம். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் உழைத்தவர்கள்.

பச்சையப்பனின் அப்பா அருணாச்சலத்தை வாசலோடு நிறுத்தினார். மூட்டை உள்ளே வரலாம். அதைத் தூக்கி வந்தவன் வரக் கூடாது. எனவே வாசலிலிருந்து அடுக்களை வரை மூட்டையைச் சுமப்பது பச்சையப்பனின் வேலையானது. தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தே பழகிய உடம்பு. மூட்டையோடு தள்ளாடினார்.

தெருவில் நின்றவன் சிரித்தான். "தறிக்காரரே, அத ஏன் அப்டி கட்டிப் புடிக்கிறீங்க? அது உங்க பொண்டாட்டி இல்ல. முதுகுல போடுங்க."

அந்தச் சிரிப்பில் தொடங்கியது. அடுத்த அமாவாசைக்குச் சைக்கிளின் முன்பாரில் பச்சையப்பன், மிதிப்பவன் அருணாச்சலம். கோட்டை மைதானத்தில் கபடி பார்த்தார்கள். தரை டிக்கெட்டில் படம் பார்த்தார்கள். திரும்பும் வழியில் பாதிப் படத்தை அருணாச்சலம் நடித்துக் காட்டுவான். சைக்கிள் இரண்டு முறை வயலுக்குள் போயிருக்கிறது. மில்லில் அமாவாசைக்கு லீவு கிடையாது. ஷிப்டை மாற்றிக்கொண்டு, மேஸ்திரியிடம் திட்டு வாங்கிக்கொண்டு வருவான்.

அப்பா இறந்த பிறகு பச்சையப்பன் அமாவாசை விரதம் பிடித்தார். காலையில் குளித்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, மதியம் வரை பச்சைத் தண்ணீர் கூட இல்லாத விரதம். முதல் மாதமே ஒரு காரியம் செய்தார். விரதத்தோடு பஸ் ஏறித் தேவிகாபுரம் போய், அருணாச்சலத்தின் வீட்டில் உட்கார்ந்து அதை முடித்தார். பட்டினி அப்பாவுக்கு, சாப்பாடு அருணாச்சலத்தோடு. இருவருக்கும் கணக்குத் தீர்ந்தது என்று அவர் மனசுக்குள் நினைத்துக்கொண்டார். யாரிடமும் சொன்னதில்லை. அன்றிலிருந்து ஒவ்வோர் அமாவாசைக்கும் அதேதான். அவர் போய்ச் சேரும்வரை அருணாச்சலமும் சோற்றில் கை வைக்க மாட்டார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அருணாச்சலத்துக்கும் தலை சுற்றியது. மோட்டார் கொட்டகை அருகே விழுந்தார். இடுப்பெலும்பு போனது. வேலூரில் ஆபரேஷன். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஆனால் அருணாச்சலம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கிழமை தெரியாது, தேதி தெரியாது. பச்சையப்பன் வருகிற அமாவாசையை மட்டும் மகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துவைத்திருப்பார். அது ஒன்றுதான் அவருடைய காலண்டர்.

*

"வீடியோ கால்ல பேசுங்க" என்றான் சிவகுமார். பட்டுப்புடவையை வாட்ஸ்அப்பில் காட்டி வெளிநாட்டுக்கே விற்கிறவன். அவனுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

பேசிப் பார்த்தார்கள். தேவிகாபுரத்தில் அருணாச்சலத்தின் மகள் கண்ணகி போனைப் பிடித்துக் கொடுத்தாள். அருணாச்சலம் அதைக் காதில் வைத்துக்கொண்டார். திரையில் ஒரு காதும் கொஞ்சம் நரைத்த மயிரும் தெரிந்தன.

"காதைக் காட்டிகினு இருக்கிறியேய்யா. மூஞ்சக் காட்டு."

"என் மூஞ்சில இன்னா புதுசா முளைச்சிக்கிது? நீ எப்ப வர்றே?"

பச்சையப்பன் மகனைப் பார்த்தார். சிவகுமார் சுவரைப் பார்த்தான்.

"கார்ல இட்டுகினு போடா" என்றார், போனை வைத்த பிறகு.

"போறேன்பா. இந்த வாரம் ஆர்டர் இருக்குது. அடுத்த வாரம் பார்க்கலாம்." அடுத்த வாரத்துக்கும் ஓர் அடுத்த வாரம் இருந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். "கோட்டை மைதானத்துப் பக்கம் பெரியவங்களுக்குன்னே ஒரு டாக்டரம்மா வந்திருக்காங்க. தலைசுத்தல்னு வர்றவங்கள்ல யார் திரும்ப விழுவாங்க, யாருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சோதிச்சுச் சொல்றாங்களாம். அங்க போவோம். உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அவங்க சொன்னா நீங்க பஸ்ல போங்க, நான் வாயத் தொறக்கல. விழுவீங்கன்னு சொன்னா, ஊரைத் தாண்டக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் பச்சையப்பன்.

அப்படிச் சொல்லும்போதே சோதனையில் எப்படித் தேறுவது என்று திட்டம் போட ஆரம்பித்துவிட்டார்.

கேள்வித்தாள் எளிதாகவே கசிந்தது. எதிர்வீட்டுத் தனசேகரன் போன மாதம் அதே டாக்டரிடம் போய் வந்தவர். "நாற்காலியிலேர்ந்து கைய ஊணாம எந்திரிக்கச் சொல்வாங்க. நடந்துட்டுத் திரும்பி வரச் சொல்வாங்க. காலைச் சேர்த்து வச்சிகினு கண்ண மூடச் சொல்வாங்க. அப்புறம் விழுந்தியா, விழுந்தியான்னு தோண்டித் தோண்டிக் கேப்பாங்க."

"நீ இன்னா சொன்னே?"

"நான் எதுக்கு விழறேன்? எனக்கு நிக்கவே நேரம் இல்லேன்னேன்."

மறுநாளிலிருந்து பயிற்சி. மாடியில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் காலைச் சேர்த்து நின்று கண்ணை மூடினார். துணி உலர்த்த வந்த மனைவி ஜெயம் வாளியோடு நின்றுவிட்டாள்.

"இன்னாங்க இது, கோயில் கொடிமரம் மாதிரி?"

"பேசாத. எண்ணிகினு இருக்கிறேன்."

"எதையாம்?"

அவர் அப்படியே ஒரு பக்கமாகச் சாய, அவள் வாளியைப் போட்டுவிட்டுத் தோளைப் பிடித்தாள். வாளியிலிருந்த வேட்டியெல்லாம் தரையில் கிடந்தன. பச்சையப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"ஜெயம், ஒண்ணு கேட்டுக்க. அந்த டாக்டரம்மா விழுந்தாரான்னு உன்னக் கேப்பாங்க. தடுக்கினாருன்னு சொல்லு. விழுந்தாருன்னு சொல்லாத."

ஜெயம் வேட்டியை எடுத்து உதறி மறுபடி அலசப் போனாள்.

*

டாக்டர் தேவிப்ரியாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சத்தமாகப் பேசினார்; வருகிற பாதிப் பேருக்குக் காது மந்தம் என்பதால் பழகிப்போன சத்தம்.

பச்சையப்பன் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தார். கதவு வரை நிமிர்ந்து நடந்தார். திரும்பினார். வந்து உட்கார்ந்தார். சிவகுமாரை ஒரு பார்வை பார்த்தார்.

"நல்லா வீட்டுப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கீங்க" என்றார் டாக்டர். "போறப்ப நல்லா போனீங்க. திரும்பறப்ப அப்படியே குட்டிக் குட்டி அடியா வச்சீங்க. நான் அதத்தான் பார்த்தேன்."

கண்ணை மூடி நிற்கச் சொன்னார். பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கை தேவைப்பட்டது.

பிறகு கேள்விகள் வந்தன. எத்தனை மாத்திரை? பிரஷருக்கு, நீர் பிரிய, சிறுநீர் அடைப்புக்கு, சர்க்கரைக்கு. கண் ஆபரேஷன் ஆச்சா? பாத்ரூம் போறப்ப சுவரைப் பிடிக்கிறீங்களா? பயமா இருக்கா?

"இந்த ஒரு வருஷத்துல விழுந்தீங்களா?"

"தடுக்கினேன்."

டாக்டர் ஜெயத்தைப் பார்த்தார். "அம்மா?"

ஜெயம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சையப்பன் தரையைப் பார்த்தார். நாற்பத்தெட்டு வருட வாழ்க்கையில் அவள் அவருக்காகச் சின்னச் சின்னப் பொய்கள் நிறையச் சொன்னவள். இதையும் சொல்லிவிடுவாள்.

"விழுந்தாருங்க" என்றாள் ஜெயம். "தை அமாவாசைக்கு ஆத்தங்கரைப் படியில. வைகாசி அமாவாசைக்கு வாசல்ல செருப்பு மாட்றப்ப. ஆடி அமாவாசைக்கு பஸ்ல. ரெண்ட இவனுக்கே நான் சொல்லலை."

சிவகுமார் அம்மாவைப் பார்த்தான். பச்சையப்பன் யாரையும் பார்க்கவில்லை.

"ஏன் சொல்லிட்டே?" என்றார், மெதுவாக.

"நான் தடுக்கினாருன்னு சொல்லிகினே இருந்தா, நீங்க விழுந்துகினே இருப்பீங்க. அப்புறம் நான் யார்கிட்ட போயி இன்னா சொல்றது?"

டாக்டர் எல்லாவற்றையும் கூட்டினார். வயது, விழுந்தது, மாத்திரை, நடை, நிலை.

"நான் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார் பச்சையப்பன்.

"விழறவங்க பக்கம்" என்றார் டாக்டர். சுற்றி வளைக்கவில்லை. "உங்கள மாதிரி இவ்வளவும் சேர்ந்து இருக்கறவங்கள அப்படியே விட்டா, ஒரு வருஷத்துல பாதிப் பேருக்கு மேல திரும்ப விழறாங்க. அதுல சில பேர் எலும்பு உடைஞ்சு படுக்கையிலயே தங்கிடறாங்க."

பச்சையப்பனின் கண்ணுக்குள் ஒரு கட்டில் வந்தது. அதில் அருணாச்சலம்.

"கேட்டுக்கினீங்களாப்பா?" என்றான் சிவகுமார். ஜெயித்தவன் குரலாக அது இல்லை.

"இருங்க. அப்படியே விட்டான்னு சொன்னேன்" என்றார் டாக்டர். "யார் விழுவாங்கன்னு இந்தக் கணக்கு சொல்லும். ஏன் விழறாங்கன்னு நாமதான் கண்டுபிடிக்கணும். மூணு தடவையும் அமாவாசையா?"

"அமாவாசைன்னா தலை சுத்தறது சகஜம்தானேங்க" என்றான் சிவகுமார். "நிலா இல்லாத அன்னைக்கு உடம்புல..."

"நிலாவ வுடுங்க. ஐயா அன்னைக்குக் காலையில என்ன செய்வாரு?"

"விரதம்" என்றார் பச்சையப்பன். "மத்தியானம் வரைக்கும் வாயில தண்ணி படக் கூடாது."

"மாத்திரை?"

"அதெல்லாம் விடுவேனாம்மா?" பச்சையப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரு நாளும் தப்பினதில்ல. தொண்டை நனையற அளவு தண்ணி. அதுல எல்லாத்தையும் முழுங்கிடுவேன். பஸ்ல போறவன், வழியில மறந்துடப் போறோம்னு மத்தியான மாத்திரையையும் சேர்த்தே போட்டுகினு கிளம்பிடுவேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அடுத்த அமாவாசைக்கு காலையில இங்க வாங்க. விரதம், மாத்திரை எல்லாம் எப்பவும் போல. நடக்காம கார்லயே வாங்க. தம்பி, நீங்களும் வரணும். நான் வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டீங்க."

*

ஆவணி அமாவாசை. படுக்க வைத்து பிரஷர் பார்த்தார் டாக்டர். சரியாக இருந்தது. "இப்ப எழுந்து நில்லுங்க."

பச்சையப்பன் நின்றார். கருவி கையை இறுக்கியது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் முகத்திலிருந்து ரத்தம் வடிந்துபோவதை சிவகுமார் நேரில் பார்த்தான். உதடு வெளுத்தது. கண் எங்கோ போனது. "கிறுகிறுன்னு..." என்றார். சிவகுமார் பாய்ந்து இரண்டு கையாலும் அவரைத் தாங்கினான். சின்ன வயதில் தன்னைத் தூக்கிய உடம்பு இவ்வளவு லேசாகிவிட்டதா என்று அவன் திகைத்தது, அவன் பிடித்த பிடியிலேயே பச்சையப்பனுக்குத் தெரிந்தது.

"நின்ன உடனே பாதியா இறங்கிடுச்சு" என்றார் டாக்டர். "வயித்துல சோறு இல்ல, உடம்புல தண்ணி இல்ல. இருக்கிற தண்ணியையும் வெளிய தள்ற மாத்திரை. பிரஷர இறக்கற மாத்திரை, ரெண்டு வேளைக்குள்ளத ஒரே வேளையில. பஸ் படி ஏறினா மூளைக்கு எப்படி ரத்தம் போகும்?"

நீர் மாத்திரையை நிறுத்தினார். இன்னொன்றைப் படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றினார். தினமும் செய்யக் கால் பயிற்சி கொடுத்தார். "இப்ப கணக்கு ஒரு படி இறங்கும். அவ்வளவுதான். மிச்சத்தை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். வயசு வயசுதான்."

"அப்ப பஸ்?" என்றான் சிவகுமார்.

"பஸ்ஸ நிறுத்திட்டீங்கன்னா கணக்குல ஒண்ணு கூடும் தம்பி. தலை சுத்துதேன்னு பயந்து வெளிய போறத விட்டவங்க கால் சீக்கிரம் சோர்ந்துடும். அவங்கதான் ஜல்தியா படுக்கைக்குப் போறாங்க. துணையோட போகட்டும். உட்கார்ந்து போகட்டும். ஆனா பட்டினியும் இந்த மாத்திரையும் ஒண்ணா ஆகாது. விரதம் வேணும்னா அன்னைக்கு வீட்டுல இருக்கணும். போகணும்னா சாப்பிட்டுட்டுப் போகணும்."

வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் தேவிகாபுரத்திலிருந்து போன் வந்தது. கண்ணகி.

"பெரீப்பா, வரலீங்களா? ரெண்டு அமாவாசை ஆச்சு. காலையிலேர்ந்து அப்பா ஒண்ணும் சாப்பிடல. சோத்தத் தொட மாட்டேன்னு அடம் புடிக்கிறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

பச்சையப்பன் போனில் திட்டினார். கெஞ்சினார். கடைசியில் அதட்டினார். மறுமுனையில் ஒரு காது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி, சாப்புடறேன்" என்றார் அருணாச்சலம். "அமாவாசைன்னு ஒண்ணு இல்லன்னு நெனச்சிக்கிறேன்."

*

அடுத்து வருவது மகாளய அமாவாசை. வருடத்தில் மற்ற எந்த அமாவாசையை விட்டாலும் அதை விடாதவர்கள் ஆரணியில் உண்டு. அப்பா உட்பட எல்லா முன்னோரும் வீடு தேடி வருகிற நாள் என்பார்கள். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவதா?

"வேற ஒரு நாள் போங்களேன்" என்றான் சிவகுமார். நியாயமான யோசனைதான். பச்சையப்பனும் யோசித்தார். வேறொரு நாள் போய் நின்றால், அருணாச்சலத்துக்கு அது எந்த நாள்? ஷிப்டை மாற்றிக்கொண்டு மேஸ்திரியிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தவனிடம், உனக்கு என் விடுமுறை நாள் கிடையாது, மிச்ச நாள்தான் என்று சொல்வதா?

இரண்டு வாரம் யாரிடமும் பேசாமல் திரிந்தார். ஜெயத்துக்குப் பொறுக்கவில்லை.

"பேஜாரு புடிச்ச மாதிரி ஏன் இப்டி சுத்திகினு இருக்கீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க."

சொன்னார். அப்பாவா, அருணாச்சலமா என்று கேட்டார். சின்னப் பையன் கேட்பது போலிருந்தது அது.

ஜெயம் முறத்திலிருந்த அரிசியைப் புடைப்பதை நிறுத்தவில்லை. "இத்தினி வருஷமா உங்கப்பாருக்குக் குழம்பு வச்சது யாரு? வடை சுட்டது யாரு? மொட்டை மாடியில நின்னு காக்காவக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டினது யாரு? உங்களுக்குத் தறி லீவு. என் அடுப்புக்கு என்னிக்கு லீவு வுட்டீங்க? பட்டினி கெடந்தது மட்டும்தான் உங்க பங்கு. என் பங்கு அப்படியே இருக்குது. மாமனாரு அத வச்சித் திருப்திப்பட்டுக்கட்டும்."

பச்சையப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொணை வேணும்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல?" என்றாள் அவள். "நான் வர்றேன். அந்த ஊட்ட நான் பார்த்ததே இல்லியே."

அது உண்மை. மாமனார் காலத்தில் தொடங்கிய பழக்கம், அவர் போன பிறகும் யாரும் எடுத்துப் பேசாமல் அப்படியே நின்றுவிட்டது. பச்சையப்பன் மட்டும் போவார். ஜெயம் வாசல்வரை வருவாள்.

மகாளய அமாவாசை காலை. எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தார். ஜெயம் விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டாள். மொட்டை மாடியில் சோற்றை வைத்து இருவரும் கூப்பிட்டார்கள். அந்த நேரத்தில் காகம் வரவில்லை. பக்கத்துத் தெருவில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் அமாவாசைக்கு அவை நிற்பதில்லை.

தட்டில் நான்கு இட்லி. சொம்பில் தண்ணீர். பச்சையப்பன் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டார். விழுங்கினார். கண் கலங்கியதைப் பார்த்துச் சிவகுமார் தண்ணீரை நகர்த்தி வைத்தான்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் வர்றேன்பா. சீட்டுல குந்துன பெறவுதான் போவேன்."

"நான் இன்னா பார்சலா?"

"பார்சல்னா கூரியர்ல போட்டிருப்பேன். ஏறுங்க."

*

கண்ணகி வாசலுக்கே ஓடிவந்தாள். "பெரீப்பா... ஐயோ, பெரீம்மா, நீங்களா?"

அருணாச்சலம் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். பச்சையப்பனைப் பார்த்துச் சிரிக்க வாயைத் திறந்தவர், பின்னால் ஜெயம் வருவதைப் பார்த்ததும் போர்வையை இழுத்து மேலே போட்டுக்கொண்டார்.

"இன்னாண்ணே, என்னைப் பார்த்துக் குளிருதா?" என்றாள் ஜெயம்.

"அம்மா, நீங்க என் ஊட்டுக்கு..." கண்ணகியைப் பார்த்து அதட்டினார். "நின்னுகினே இருக்கியே, நாற்காலி எடுத்தாந்து போடு."

பச்சையப்பன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதை ஒத்திப்போட்டால் சொல்லவே முடியாது என்று தோன்றியது.

"நான் சாப்ட்டுட்டு வந்துட்டேன்யா."

அருணாச்சலம் அவரைப் பார்த்தார்.

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான். அந்தப் பட்டினிதான் என்ன விழ வச்சிகினு இருந்துச்சாம். பட்டினி இருந்தா உன்னாண்ட வர முடியாது. உன்னாண்ட வரணும்னா பட்டினி கெடையாது. வந்துட்டேன்."

அருணாச்சலம் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். தூரத்தில் கனககிரி மலையின் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. ஒருகாலத்தில் இருவரும் பந்தயம் கட்டி அந்தப் படிகளில் ஓடியிருக்கிறார்கள்.

"டாக்டரு உன்ன எதுல சேர்த்தாங்க?" என்று கேட்டார்.

"விழறவங்க கூட்டத்துல."

"அப்ப நம்ம கூட்டம்தான்."

"அதுல நீ மொதல்ல போய் எடம் புடிச்சிட்டே. சினிமாவுக்குத் துண்டு போட்ட மாதிரி."

அருணாச்சலத்தின் வயிறு குலுங்கியது. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஜெயம் தண்ணீர் கொடுத்தாள். கண்ணகி இரண்டு இலைகளோடு வந்து நின்றாள். பச்சையப்பனுக்குத் தரையிலும், அப்பாவுக்கு எப்போதும் போலக் கட்டில்மேலும் போடுவதா என்று இலையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"சாப்ட்டுட்டு வந்தவனுக்கு எதுக்கு எல?" என்றார் அருணாச்சலம்.

"இன்னொரு தபா சாப்பிடக் கூடாதுன்னு அந்த டாக்டரம்மா சொல்லல" என்றார் பச்சையப்பன். பிறகு, "காலைக் கீழ போடுய்யா. கட்டில் மேலியே ரெண்டு பேரும் ஒக்காந்து சாப்புடலாம்."

"எந்திரிச்சா சுத்துதுடா."

"எனக்குந்தான் சுத்துது. மெதுவா. மொதல்ல ஒக்காரு. கொஞ்ச நேரம் சும்மா ஒக்காரு. அப்புறம் காலு."

ஒரு பக்கம் பச்சையப்பன், மறுபக்கம் கண்ணகி. அருணாச்சலம் எழுந்து உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். பச்சையப்பனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். எவரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு ஒரு கால் கீழே வந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. இரண்டு வருடமாகத் தரையைத் தொடாத பாதங்கள் சில்லென்ற சிமெண்ட்டில் பட்டதும் விரல்களை மடக்கிக்கொண்டன.

"சுத்துதா?" என்றார் பச்சையப்பன்.

"சுத்துது."

"நிக்கும். புடிச்சிகினே இரு."

ஜெயம் கட்டில் முன்னால் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு இரண்டு இலையையும் அதன்மேல் விரித்தாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். சுற்றல் நிற்கும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அருணாச்சலம் சட்டையை விட்டுவிட்டு, அந்தக் கையால் சோற்றைப் பிசைந்தார்.